பனிச்சறுக்கு லிஃப்ட்டுகளுக்குப் பெயர் எப்படி வருகிறது? உங்களுக்குப் பிடித்த பெயர் எது?

#1 தேங்காய்த்திட்டு

வணக்கம். பாண்டியிலிருந்து பிரான்ஸ் போய்க் குடியேறிய நம்ம குடும்பங்களுக்காக, ஆல்ப்ஸ் பனிச்சறுக்குத் தலங்களைப் பற்றி ஒரு சிறு தமிழ்க் கையேடு தயாராகிறது. பேரப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. கூடப் போகிற தாத்தா பாட்டிக்குத்தான் இந்தக் கையேடு. உடை, காலணி, பாஸ் எல்லாம் எழுதி முடிந்தது. வரைபடத்தில் உள்ள லிஃப்ட் பெயர்களில் வந்து வேலை நிற்கிறது.

தீஞ் என்ற ஊரில் 'பெர்ஸ்-நேஜ்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் 'பனி துளைப்பான்' என்று எழுதலாமா, அப்படியே விடலாமா? இந்தப் பெயர்களை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அது தெரிந்தால் மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்பது தானே தெளிந்துவிடும். உங்களுக்குப் பிடித்த பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையேட்டில் ஒரு பக்கம் அதற்கென்றே இருக்கிறது.

#2 உப்பளம்_ரோப்வே

மொழிபெயர்க்க வேண்டாம். வகையை மட்டும் தமிழில் எழுதுங்கள், பெயரை ஒலிபெயர்ப்பாக விடுங்கள்.

லிஃப்ட்டின் பெயர் முதலில் வேலைக்கான பெயர். கீழ் நிலையத்தில் ஆட்களை ஏற்றிவிடுகிறவர், மேலே இறக்கிவிடுகிறவர், மீட்புக் குழு, பனியைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுநர் எல்லோரும் வயர்லெஸ்ஸில் பேசுகிறார்கள். ஒரு லிஃப்ட் நின்றுவிட்டால் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: எந்த லிஃப்ட், எத்தனையாவது தூண், ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா. தூண்களுக்கு வழக்கமாகக் கீழிருந்து மேலாக எண் போடுவார்கள். நாற்காலியில் மாட்டிக்கொண்ட பாட்டி போனில் 'பனி துளைப்பானில் இருக்கிறேன்' என்றால் அங்கே ஒருவருக்கும் புரியாது. 'பெர்ஸ்-நேஜ்' என்று அரைகுறையாகச் சொன்னாலும் ஆள் வந்து சேரும்.

பெயர் வருகிற வழி பெரும்பாலும் இப்படி. திட்ட வரைபடத்தில் அந்தத் தடத்துக்கு ஏதோ ஒரு அடையாளம் வேண்டும், அதற்கு அந்தச் சரிவின் பெயரையோ சிகரத்தின் பெயரையோ எழுதிவைப்பார்கள். பிரான்சில் நிலப் பதிவேட்டில் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் பாறைக்கும் ஒரு 'லியூ-தி' உண்டு. நம்ம ஊரில் வயலுக்கு 'கோயில் மேடு', 'பள்ளக்கொல்லை' என்று சொல்கிற மாதிரி. அந்த எழுத்தே அனுமதிக் கோப்பில் ஏறி, தூணில் ஏறி, பலகையிலும் ஏறிவிடுகிறது. அதனால்தான் பிரெஞ்சு லிஃப்ட் பெயர்களில் பல, அகராதியில் கிடைக்காத மலைக்கிராமச் சொற்கள். அவற்றை மொழிபெயர்க்க முயன்றால் தவறுதான் வரும்.

அடுத்தது காதால் செய்யும் சோதனை. ஒரே அசையில் தொடங்கும் இரண்டு பெயர்கள் ஒரே மலையில் இல்லாமல் இருப்பது நல்லது. காற்று இரைச்சலில் வயர்லெஸ் முதல் அசையையோ கடைசி அசையையோ விழுங்கிவிடும். எண்ணிலும் இதே வம்பு உண்டு. பிரெஞ்சில் ஆறு 'சிஸ்', பத்து 'திஸ்'. ஆங்கிலத்தில் 'ஃபோர்டீன்', 'ஃபார்ட்டி'. பெயர் இரண்டு மூன்று அசைக்குள் இருந்தால் பலகையிலும் அடங்கும், வாயிலும் அடங்கும்.

#3 மஞ்சக்குப்பம்

எண் மட்டும் போட்டால் போதாதா? 1, 2, 3 என்றால் தாத்தாவுக்கும் எளிது. நம் ஊரில் பேருந்து எண் பார்த்துத்தானே ஏறுகிறோம்.

#4 உப்பளம்_ரோப்வே

வரிசை இருக்கிற இடத்தில் எண் நன்றாக வேலை செய்யும். வலை மாதிரிப் பின்னிக்கிடக்கும் இடத்தில் உதவாது.

நம் நாட்டிலேயே பாருங்கள். காஷ்மீரின் குல்மார்க் கண்டோலாவை (சிறு பெட்டிகள் கொண்ட ரோப் கார்) எல்லோரும் 'ஃபேஸ் 1', 'ஃபேஸ் 2' என்றுதான் சொல்கிறார்கள். ஒன்று கோங்தோரி வரை, இரண்டு அஃபர்வட் மலைத்தோள் வரை. ஒன்றில் போகாமல் இரண்டில் ஏற முடியாது. டிக்கெட்டும் அந்தக் கணக்கில்தான். அங்கே எண்ணே போதுமான பெயர். கோங்தோரியிலிருந்து போகும் நாற்காலி லிஃப்ட் சேருமிடம் 'மேரிஸ் ஷோல்டர்'.

உத்தராகண்டின் ஔலியில் இன்னும் தெளிவு. ஜோஷிமட்டிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ரோப்வே, பத்துத் தூண்கள். ஏறி இறங்கும் இடங்களுக்கு 'டவர் 8', 'டவர் 10' என்றே பெயர். தூண் எண் ஊர்ப் பெயராகிவிட்டது. 2023 தொடக்கத்தில் ஜோஷிமட் நிலம் தாழ்ந்ததால் ஓட்டம் நிறுத்தப்பட்ட பிறகும் ஆட்கள் அந்தப் பெயரால்தான் இடத்தைச் சொல்கிறார்கள்.

இருபது முப்பது லிஃப்ட் இருக்கும் மலையில் எண் எப்படிக் கெடும் என்றால், கட்டின ஆண்டு வரிசையில் போட்டிருப்பார்கள். 3-க்குப் பக்கத்தில் 17 நிற்கும். நடுவில் ஒன்றைப் பிரித்து எடுத்தால் அந்த எண் ஓட்டையாகிவிடும். அதே எண்ணை வேறு தடத்துக்குக் கொடுத்தால் பழைய ஊழியர் பழைய இடத்துக்கு ஓடுவார். அமெரிக்காவின் வெய்ல் இரண்டையும் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் எண்ணும் உண்டு, பெயரும் உண்டு: 4 என்றால் 'மவுண்டன்டாப் எக்ஸ்பிரஸ்', 5 என்றால் 'ஹை நூன் எக்ஸ்பிரஸ்'. ஆஸ்திரியாவின் இஷ்கிலில் எழுத்தும் எண்ணும் கலந்த குறி. ஏ1 'சில்வ்ரெட்டாபான்', ஏ2 'ஃபிம்பாபான்', ஏ3 'பர்டாட்ஷ்கிராட்பான்'. ஜெர்மன் வாயில் நுழையாதவருக்கு அந்தக் குறி பெரிய உதவி. கையேட்டில் குறி இருக்கும் ஊர்களுக்குக் குறியையும் சேர்த்துப் போடுங்கள்.

#5 பத்துக்கண்ணு

எண்ணை எடுத்துவிட்டுப் பெயர் வைத்த ஊர் மாமத் மலை, கலிபோர்னியா. சேர் 1 'பிராட்வே எக்ஸ்பிரஸ்' ஆனது, சேர் 2 'ஸ்டம்ப் ஆலி எக்ஸ்பிரஸ்'. ஆனால் சேர் 23 இன்றும் சேர் 23 தான். கூபெர் அவென்யூ என்று பலகையில் இருக்கும், பாண்டியில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் பீச் ரோடு என்பார்கள். புழக்கத்தில் ஊறிய பெயரைப் பலகை மாற்றாது.

அளவே பெயராவதும் உண்டு. நம்மிடம் 100 அடி சாலை, 45 அடி சாலை இருக்கிற மாதிரி, வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்ற மலையில் 'சிங்கிள் சேர்'. ஒரு நாற்காலியில் ஒருவர். 1948-ல் போட்டது. மலை 1995-லிருந்து கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. லிஃப்ட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது இருவர் அமரும் நாற்காலிக்கு மாறாமல், 2007-ல் அதையே பழுது பார்த்து ஒற்றை நாற்காலியாகவே வைத்துக்கொண்டார்கள். பெயரைக் காப்பாற்றுவது என்றால் அந்தப் பொருளையும் காப்பாற்றுவது. எனக்குப் பிடித்த பெயர் இதுதான்.

#6 கடிலக்கரை

என் வாக்கு 'கேடி-22'-க்கு. கலிபோர்னியாவில் தாஹோ ஏரி பக்கம், இன்று பாலிசேட்ஸ் தாஹோ என்று அழைக்கப்படும் மலையில் இருக்கிறது. சாண்டி பௌல்சன் என்ற பெண்மணி அந்தச் செங்குத்துச் சரிவை 22 'கிக் டர்ன்' போட்டு இறங்கினார். கிக் டர்ன் என்பது ஓடிக்கொண்டே திரும்புவது அல்ல. சரிவுக்குக் குறுக்கே அசையாமல் நின்று, ஒரு சறுக்குப் பலகையைத் தூக்கி எதிர்த்திசைக்குச் சுழற்றி வைத்து, பிறகு மற்றதைக் கொண்டுவந்து சேர்ப்பது. குறுக்கே சறுக்கி, நின்று, திரும்பி, மறுபடி குறுக்கே. அப்படி 22 தடவை. சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைப் பெயரே எண்ணிக் காட்டுகிறது. சிகரத்துக்கு வந்த பெயர் லிஃப்ட்டுக்கும் வந்தது.

கடலூர்க்காரருக்கு இது அந்நியமான வழக்கம் இல்லை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் சேர்த்தி என்று பேச்சு. சுட்டு அளந்தார்கள். அந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் நிற்கிறது. நிலத்தின் மேல் ஒரு முறை நடந்த செயலின் அளவு அப்படியே பெயராக உறைவது.

அதே தாஹோ மலையில் பெயர் மாற்றமும் நடந்தது. மலையின் பழைய பெயரில் பூர்வகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் இருந்ததால், 2021-ல் அந்தப் பனிச்சறுக்குத் தலத்தின் பெயரையே மாற்றினார்கள். புழக்கம் மாற்றாது என்று பத்துக்கண்ணு சொன்னது பொதுவாகச் சரி. இங்கே மாற்றியே ஆக வேண்டியிருந்தது, மாற்றியது சரியான செயல்.

#7 முத்தியால்பேட்டை_தறி

சுரங்கப் பெயர்களை யாரும் சொல்லவில்லையே. யூட்டாவின் பார்க் சிட்டி வெள்ளிச் சுரங்க ஊர். லிஃப்ட்டுகளின் பெயர் 'பே டே', 'பொனான்ஸா', 'சில்வர்லோட்', 'மதர்லோட்'. கூலி நாள், திடீர்ப் பெருவளம், வெள்ளிப் படிவம், தாய்ப் படிவம் என்று எல்லாமே தொழிலாளி வாயில் புழங்கிய சொற்கள். 'கிங் கான்' என்றால் ஏதோ குரங்குப் படம் என்று நினைப்பார்கள். 'கன்சாலிடேட்டட்' என்ற கம்பெனிச் சொல்லின் சுருக்கம் அந்த 'கான்'.

'தேய்ன்ஸ்' என்ற லிஃப்ட் இருக்கிறதே, அதன் பின்னணிதான் ஆச்சரியம். 1960-களில் அங்கே சறுக்குவோரைச் சுரங்க ரயிலில் ஏற்றி, ஸ்பைரோ சுரங்க வழியாக மலைக்குள் ஏறக்குறைய மூன்று மைல் கொண்டுபோய், தேய்ன்ஸ் குழியின் தூக்கியில் நேர் மேலே ஏற்றி மலை நடுவில் வெளியே விட்டார்கள். பூமிக்கு அடியில் போன ஸ்கி லிஃப்ட். நெய்வேலிக்குப் பக்கத்து மாவட்டக்காரர்கள் நாம், சுரங்கத்தின் பெயர் ஊரில் எப்படித் தங்கும் என்று நமக்குத் தெரியும். இந்தப் பெயர்களை மாற்றாமல் வைத்திருக்கிறார்களே, அதற்கே அந்த ஊரை மெச்ச வேண்டும்.

#8 வில்லியனூர்_வரைபடம்

எனக்கு ஒரு குறை உண்டு. விற்பனைக்காக வைக்கும் பெயர்கள் வழி தவற வைக்கின்றன. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் க்ளைன் மாட்டர்ஹார்ன் என்று ஒரு சிகரம், 3,883 மீட்டர். 'சின்ன மாட்டர்ஹார்ன்' என்று அர்த்தம். அதன் மேல் நிலையத்துக்கு 'மாட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ்' என்று பெயர், 2018-ல் திறந்த புதிய கம்பிவட ஊர்திக்கு 'மாட்டர்ஹார்ன் கிளேசியர் ரைட்'. படிப்பவர் 4,478 மீட்டர் மாட்டர்ஹார்னுக்கே ஏறுவதாக நினைத்துவிடுவார். அது தனி மலை, அங்கே கம்பிவடம் போகவில்லை. கையேட்டில் இதை ஒரு வரியில் தெளிவாக எழுதுங்கள்.

சிகரத்தின் பெயரை வைத்துக்கொண்டு சிகரம் வரை போகாத ஊர்திகளும் உண்டு. பிரான்சின் ஷமோனியில் 1955-ல் திறந்த எகுய் தூ மிதி ஊர்தி 3,777 மீட்டரில் நின்றுவிடும். 3,842 மீட்டர் உச்சிக்குப் பாறைக்குள் தனி மின்தூக்கி. கம்பிவடம் இறங்கியதும் உச்சி வந்துவிட்டது என்று திரும்பிவிடக் கூடாது. ஆனால் பெயர் என்னவோ அழகு. 'மிதி' என்றால் பிரெஞ்சில் நண்பகலும் தெற்கும். ஷமோனி ஊரில் நின்று பார்த்தால் நண்பகலில் சூரியன் அந்த ஊசிப் பாறைக்கு மேல் நிற்கும். மலையே கடிகாரமாக இருந்த காலத்துப் பெயர்.

#9 தேங்காய்த்திட்டு

#8-க்கு நன்றி, இரண்டையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு சந்தேகம். 'எக்ஸ்பிரஸ்' என்பது எல்லாப் பெயரிலும் வருகிறதே, வெறும் அலங்காரமா?

#10 உப்பளம்_ரோப்வே

பெரும்பாலும் அலங்காரம் இல்லை. தாத்தா பாட்டிக்கு மிக உபயோகமான சொல்லே அதுதான்.

சாதாரண நாற்காலி லிஃப்ட்டில் நாற்காலியின் பிடி கம்பிவடத்தில் நிரந்தரமாகக் கவ்வியிருக்கும். வடம் ஓடுகிற வேகத்திலேயே நாற்காலி உங்கள் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடிக்கும். அதனால் வடத்தையே மெதுவாக, நொடிக்கு இரண்டரை மீட்டருக்குள் ஓட்டுவார்கள். விடுபடும் பிடி உள்ளதில், நிலையத்துக்குள் நுழைந்ததும் பிடி திறந்து நாற்காலி வடத்தைவிட்டுக் கழன்று, தண்டவாளத்தில் டயர்கள் தள்ள நடை வேகத்தில் நகரும். நீங்கள் உட்கார்ந்த பிறகு மறுபடி வேகம் பிடித்து வடத்தைக் கவ்வும். வெளியே நொடிக்கு 5 மீட்டர் வரை போகும். ஏறும் இடத்தில் மெதுவு, பாதையில் வேகம். அமெரிக்காவில் இந்த வகைக்குத்தான் 'எக்ஸ்பிரஸ்' என்று பின்னொட்டுச் சேர்க்கும் வழக்கம், பிரான்சிலும் பரவியிருக்கிறது. நால்வர் அமரும் வேக நாற்காலியில் முதலாவது 1981-ல் பிரெக்கன்ரிட்ஜில் வந்தது, பெயர் 'குவிக்சில்வர்', பாதரசம். ஓடும் தன்மைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பயப்படும் வயதானவருக்கு எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருப்பதையே பரிந்துரையுங்கள். ஆனால் விதிவிலக்கு உண்டு. 'வனுவாஸ் எக்ஸ்பிரஸ்' நாற்காலியே அல்ல. லெஸாக், லா ப்ளாஞ் என்ற இரண்டு பிரெஞ்சுப் பனிச்சறுக்குத் தலங்களை இணைக்கும் இரண்டு மாடிக் கம்பிவட ஊர்தி. 2003 டிசம்பரில் திறந்தது. ஒரு பெட்டியில் 200 பேர், நடுவில் ஒரு தூணும் இல்லை, பள்ளத்தாக்கின் தரைக்கு 380 மீட்டர் மேலே போகும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

#11 தேவனாம்பட்டினம்_வலை

நியூசிலாந்துப் பெயர் ஒன்று. ருவாபெஹு எரிமலையில் 2019-ல் வந்த கண்டோலாவுக்கு 'ஸ்கை வாக்கா'. வாக்கா என்றால் மாவோரி மொழியில் படகு, தோணி. வானத்தோணி. கடலில் வந்து குடியேறிய மக்கள் மலை ஏறும் பெட்டியையும் தோணி என்றே பார்க்கிறார்கள். எங்கள் குப்பத்தில் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

கனடாவின் விஸ்லரில் ஒரு இசைக் குடும்பம் உண்டு. பக்கத்துப் பக்கத்து மேடுகளுக்கு பிக்கலோ, ஃப்ளூட், ஓபோ என்று ஊதுகருவிப் பெயர்கள். 'ஹார்மனி' லிஃப்ட்டுக்கு அடுத்த பள்ளத்துக்கு 2006-ல் லிஃப்ட் போட்டபோது 'சிம்பனி' என்று வைத்தார்கள். ஒரு பெயர் கேட்டால் அது மலையின் எந்தப் பக்கம் என்று புரிந்துவிடும். குழுவாகப் பெயர் வைப்பதில் உள்ள பலன் இது.

#12 மஞ்சக்குப்பம்

'போமா' என்று ஒரு லிஃப்ட் பெயர் எல்லா ஊரிலும் இருக்கிறதே, அது இடப்பெயரா?

#13 முத்தியால்பேட்டை_தறி

ஆள் பெயர். ழான் பொமகால்ஸ்கி, 1930-களில் பிரான்சின் ஆல்ப் துவேஸில் இழுவை லிஃப்ட் போட்டவர். அவர் பெயரின் முதல் எழுத்துகள் கம்பெனிப் பெயராகி, இரு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும் வட்டத்தட்டு இழுவைக்கே ஆங்கிலத்தில் பொதுப்பெயராகிவிட்டது. எந்தக் கம்பெனி மண்வாரி வந்தாலும் ஜேசிபி என்கிறோமே, அதே கதை. குல்மார்க் கண்டோலாவும் அவர்கள் கட்டியதுதான்.

தட்டின் மேல் உட்காரக் கூடாது என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். அது இருக்கை இல்லை, பின்னாலிருந்து தள்ளும் தட்டு. உட்கார்ந்தால் கம்பி நீண்டு ஆள் தரையில் விழுவார். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பலகைகள் இரண்டும் நேராக இருக்க, நின்றபடியே இழுபட வேண்டும். விழுந்தால் கம்பியை விட்டுவிட்டு உடனே தடத்திலிருந்து ஒதுங்க வேண்டும், அடுத்த ஆள் பின்னாலேயே வருவார்.

#14 வில்லியனூர்_வரைபடம்

வகைச் சொற்களுக்கு என் பரிந்துரை. பலகையில் என்ன எழுதியிருக்கும் என்பதையும் சேர்த்தே தருகிறேன்.

தெலெஸ்கி: இழுவை லிஃப்ட். தரையை விட்டுக் கால் எழும்பாது. சறுக்கத் தெரியாதவர் ஏறக்கூடாது.
தெலெசியேஜ்: நாற்காலி லிஃப்ட். வரைபடத்தில் 'தே.எஸ்.எஃப்.' என்றால் நிலைப்பிடி, 'தே.எஸ்.தே.' என்றால் விடுபடும் பிடி. பக்கத்தில் உள்ள எண் ஒரு நாற்காலியில் எத்தனை பேர் என்பது. தே.எஸ்.தே. 6 என்றால் ஆறு பேர்.
தெலெகாபீன்: தொடர்ந்து சுற்றி வரும் மூடிய சிறு பெட்டிகள். நடந்து ஏறலாம். தாத்தா பாட்டிக்கு இதுவே முதல் தேர்வு.
தெலெஃபெரிக்: இரண்டு பெரிய பெட்டிகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். நேரம் பார்த்து நிற்க வேண்டும்.
ஃபுனிகுலேர்: வடம் இழுக்கும் தண்டவாள ரயில். பழநி வின்ச் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், 'வின்ச்' என்றே எழுதலாம்.

இந்து அறநிலையத் துறை 'கம்பிவட ஊர்தி' என்று எழுதுகிறது, சனங்கள் 'ரோப் கார்' என்கிறார்கள். கையேட்டில் 'ரோப் கார்' போதும்.

#15 உப்பளம்_ரோப்வே

#14-ல் ஒன்று சேர்க்க வேண்டும். ஆல்ப் துவேஸில் ஒரு லிஃப்ட்டை 'தே.எம்.சே.' என்பார்கள். அது இடமும் அல்ல, ஆளும் அல்ல. 'தூப்ல் மோனோ-காப்ல்', இரட்டை ஒற்றைவடம் என்ற பொறியியல் சொல்லின் முதலெழுத்துகள். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் '3எஸ்' என்பதும் அப்படித்தான், ஜெர்மனில் மூன்று வடம். இரண்டு தாங்குவதற்கு, ஒன்று இழுப்பதற்கு. காற்றில் குறைவாக ஆடும், ஆகவே பலத்த காற்றிலும் ஓடும். பிற லிஃப்ட்டுகள் மூடியிருக்கும் நாளில் 3எஸ் திறந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதலாம்.

'மர்மோத்' என்ற பெயர் வந்தால் கவனம். மர்மோத் என்பது மலையில் வளை தோண்டி வாழும் அணில் இன விலங்கு, அது ஆல்ப்ஸில் பரவலாக இருப்பதால் வல் தீஸேரிலும் ஒரு மர்மோத், ஆல்ப் துவேஸிலும் மர்மோத். ஆல்ப் துவேஸில் 1, 2, 3 என்று எண் வேறு உண்டு. சந்திக்கும் இடம் சொல்லும்போது ஊர்ப் பெயர், லிஃப்ட் பெயர், மேல் நிலையமா கீழ் நிலையமா என மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். பேரன் மேலேயும் தாத்தா கீழேயும் ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பது இதில்தான்.

#16 தேங்காய்த்திட்டு

எல்லாவற்றையும் வைத்து முதல் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்:

'பெர்ஸ்-நேஜ். வகை: ஃபுனிகுலேர், வின்ச் ரயில். ஊர்: தீஞ், வல் க்ளாரே. கீழ் நிலையம் 2,100 மீட்டர், மேல் நிலையம் 3,032 மீட்டர். 1993 முதல் ஓடுகிறது. முழுவதும் மலைக்குள் சுரங்கத்தில் போகும், வெளியே எதுவும் தெரியாது. பெயரின் பொருள்: பனியைத் துளைப்பது. குளிர் முடியும்போது பனியைக் கிழித்துக்கொண்டு முளைக்கும் ஒரு சிறு வெள்ளைப் பூவுக்குப் பிரெஞ்சில் இதுதான் பெயர். சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது பனிப்பாறை எதிரே இருக்கும். கறுப்புக் கண்ணாடியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள்.'

#17 கடிலக்கரை

நன்றாக இருக்கிறது. உயரத்தைப் பற்றி ஒரு வரி சேருங்கள்: 900 மீட்டருக்கு மேல் சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. மேலே போனதும் வேகமாக நடக்க வேண்டாம், தலை சுற்றினால் அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடலாம். பெயரைப் பிரெஞ்சு எழுத்திலும் பக்கத்தில் அச்சிடுங்கள், பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.